வளரும் நாட்டின் சொல்லைப் பக்கத்து நாடு எதை வைத்து நம்பும்?

#1 வடிவீஸ்வரம் தெரு

ஒரு நாடு வளருது. கப்பல் கூடுது, எல்லை வரைக்கும் ரோடு நீளுது, ராணுவச் செலவு ஏறுது. பக்கத்து நாடு பயப்படுது. "பயப்படாதே, எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை" என்று வளரும் நாடு சொல்லுது. கெட்ட எண்ணம் உள்ளவனும் அதே வார்த்தையைத்தான் சொல்வான். அப்படியானால் எந்தச் செயல் நம்ப வைக்கும், எது வெறும் பேச்சு?

சீனாவை மட்டும் வைத்துப் பேச வேண்டாம். கொழும்பு, மாலே, டாக்கா இந்த மூன்று ஊரில் நின்று பார்த்தால் வளரும் நாடு நாமதான். குமரி முனையில் இருந்து தெற்கே பார்க்கிற நமக்கு அது சுலபமாக மறந்துபோகும். ஒப்பந்த வாசகம், எண்ணிக்கை, எங்கே பிசகியது என்ற விவரத்தோடு எழுதுங்கள்.

#2 தேங்காப்பட்டணம் துறை

நம்ம கடலிலேயே உதாரணம் இருக்கு அண்ணே. வாட்ஜ் பேங்க். கன்னியாகுமரிக்குத் தெற்கே கணவாயும் கலவாயும் கிளாத்தியும் கிடைக்கிற திட்டு. இலங்கையின் இழுவைக் கப்பல்கள் நெடுங்காலம் அங்கே வந்து பிடித்தவை. 1976 மார்ச் 23 தேதியிட்ட கடிதப் பரிமாற்றத்தில் அது இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்குள் வருது, வளம் முழுவதும் இந்தியாவுக்கு என்று முடிவானது.

பெரிய நாடு அதோடு கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. இந்தியா மண்டலத்தை அறிவிக்கும் நாளிலிருந்து 3 ஆண்டு, உரிமம் பெற்ற 6 இலங்கைக் கப்பல்கள் வரலாம், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். அந்த 3 ஆண்டு முடிந்து அவர்கள் கப்பல் நின்றதும், அடுத்த 5 ஆண்டுக்கு வருஷம் 2,000 டன் மீனை இந்தியா இலங்கைக்குக் கொடுக்க வேண்டும். இடையில் இந்தியா அங்கே எண்ணெய் தேட ஆரம்பித்தால் அந்தப் பகுதியில் மட்டும் இலங்கைக் கப்பல் நிற்க வேண்டும்.

இதில் "நல்லெண்ணம்", "சகோதரத்துவம்" என்ற சொல்லை வைத்து யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை. கப்பலை எண்ணலாம், டன்னை நிறுக்கலாம், ஆண்டைக் கணக்குப் பார்க்கலாம். இழக்கிறவனுக்கு இறங்கி வர 8 ஆண்டு படிக்கட்டு கிடைத்தது. ஓட்டை எங்கே என்றால் மீனின் விலையும் தரமும் வகையும் "இரு அரசும் பேசி முடிவு செய்யும்" என்று விட்டது. விலை படியாவிட்டால் 2,000 டன் என்ற எண்ணுக்கு உயிர் இல்லை. அளவை எழுதுகிறவர்கள் விலைச் சூத்திரத்தையும் கூடவே எழுதணும்.

#3 மருந்துவாழ்மலை

துறை அண்ணன் சொன்னதைத்தான் சர்வதேச உறவுப் படிப்பில் முதல் பாடமாக வைப்பார்கள். பொய்யனும் செய்யக்கூடிய செயல் எதையும் நிரூபிக்காது. பொய்யனுக்குக் கட்டுப்படியாகாத செயல்தான் நிரூபிக்கும்.

1954 ஏப்ரல் 29, இந்தியாவும் சீனாவும் போட்ட திபெத் வணிக ஒப்பந்தத்தின் முகப்பில் பஞ்சசீலம். ஐந்தும் நல்ல கொள்கைதான். ஆனால் எந்தக் கோடு எல்லை என்று அதில் இல்லை, மீறினால் என்ன என்று இல்லை. ஒப்பந்தத்துக்கு ஆயுள் 8 ஆண்டு. 1962இல் அது காலாவதியானது, அதே ஆண்டு அக்டோபரில் போர். 2003இல் சீனா "அமைதியான எழுச்சி" என்றது. எழுச்சி என்ற சொல்லே மற்றவர்களைக் கலக்குகிறது என்று அடுத்த ஆண்டே "அமைதியான வளர்ச்சி" ஆக்கினார்கள். 2005லும் 2011லும் அதே தலைப்பில் வெள்ளை அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் வாஷிங்டனில் நின்று தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுகளை ராணுவமயமாக்கும் எண்ணம் இல்லை என்றார் ஷி ஜின்பிங். ஃபியரி கிராஸ், சுபி, மிஸ்சீஃப் மூன்று திட்டிலும் போர் விமானம் இறங்குகிற ஓடுபாதை இன்று இருக்கு. பத்து வருஷமாகச் சொல்லைச் செதுக்கினார்கள். மணிலாவும் ஹனோயும் கான்கிரீட்டைத்தான் பார்த்தன.

எதிர்ப்பக்கம் ஒன்று. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31இல் கையெழுத்திட்ட, அணு நிலையங்களைத் தாக்க மாட்டோம் என்ற ஒப்பந்தம். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் பட்டியல் கைமாறும். அதில் நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. முதல் பரிமாற்றம் 1992இல். கார்கில், நாடாளுமன்றத் தாக்குதல், புல்வாமா எல்லாவற்றையும் தாண்டி அது நிற்கவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு நட்பு தேவையில்லை, உச்சி மாநாடு தேவையில்லை. தேதி நிலையானது, பொருள் ஒரு தாள், வேலை ஒரு அதிகாரியுடையது. கொடுக்காமல் விட்டால்தான் அது செய்தி.

#4 தக்கலை மாணவி

//பொய்யனுக்குக் கட்டுப்படியாகாத செயல்தான்//

அண்ணா, அப்படியானால் எண்ணிக்கை எழுதிய ஒப்பந்தம் போதுமா? 1996 இந்தியா–சீனா ஒப்பந்தத்தில் நிறைய எண் உண்டே. பிறகு எப்படி 2020 லடாக் மோதல் நடந்தது?

#5 மருந்துவாழ்மலை

சரியான இடத்தில் கேட்டீங்க தங்கச்சி. எண் இருந்தது, எதிலிருந்து அளப்பது என்று இல்லை.

1996 நவம்பர் 29 ஒப்பந்தம் சொல்வது இது: உண்மையான கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு (இந்தியா–சீனா இடையே நடைமுறை எல்லை) அருகில் ஒரு டிவிஷனுக்கு (சுமார் 15,000 பேர்) மேல் பயிற்சி வேண்டாம். ஒரு பிரிகேடுக்கு (சுமார் 5,000 பேர்) மேல் என்றால் முன்கூட்டியே தகவல். போர் விமானம் 10 கி.மீ.க்குள் பறக்கக் கூடாது. 2 கி.மீ.க்குள் துப்பாக்கிச் சூடும் வெடிவைப்பும் கூடாது.

எல்லாம் கோட்டிலிருந்து அளக்க வேண்டியவை. கோடோ இரண்டு நாட்டின் வரைபடத்திலும் வேறு வேறு. இது எழுதியவர்களுக்கே தெரியும். கோட்டைப் பற்றி ஒத்த புரிதல் வந்தால்தான் முழுதாக நிறைவேற்ற முடியும் என்று 10ஆம் பிரிவிலேயே எழுதி, வரைபடம் மாற்றிக்கொள்வோம் என்றார்கள். 2000இல் நடுப்பகுதி வரைபடம் மட்டும் கைமாறியது. லடாக் பக்க வரைபடம் கைமாறவே இல்லை. "அருகில்" என்றால் எத்தனை கி.மீ. என்றும் எழுதவில்லை. அடுத்தவர் பகுதிக்குள் போய் எண்ணிப் பார்க்க ஆய்வாளருக்கு இடம் இல்லை. 2020 ஜூன் 15, கல்வானில் நம்ம வீரர்கள் 20 பேர் இறந்தார்கள், ஒரு தோட்டா கூட வெடிக்கவில்லை. துப்பாக்கி வாசகம் எழுத்தளவில் காக்கப்பட்டு, ஒப்பந்தத்தின் நோக்கம் செத்தது.

எண்ணும் இருந்து ஆய்வும் இருந்தால்கூட வரம்புக்குச் சற்றுக் கீழே நின்று ஏமாற்றலாம். ஐரோப்பாவின் வியன்னா ஆவணத்தில் 9,000 வீரர்களுக்கு மேல் பயிற்சி என்றால் 42 நாள் முன்பு அறிவிக்கணும், 13,000ஐத் தொட்டால் வெளிநாட்டுப் பார்வையாளர்களை முறைப்படி அழைக்கணும். 2017 ஸாபாட் பயிற்சிக்கு ரஷ்யாவும் பெலாரூஸும் அறிவித்த எண் 12,700. வரம்பை ஒட்டிய எண்ணைப் பார்த்தவுடனேயே பால்டிக் நாடுகளின் பயம் கூடியது. ஒரே பயிற்சியைப் பல பெயரில் துண்டு போட்டாலும் இதே கதைதான். அதனால் வாசகத்தில் "ஒரே காலத்தில், ஒரே தலைமையின் கீழ், அல்லது தொடர்புள்ள பயிற்சிகளின் கூட்டுத்தொகை" என்று சேர்க்கணும்.

இன்னொரு ஓட்டை, பொருளின் வரையறை. 2005 அக்டோபரில் இந்தியா–பாகிஸ்தான் ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு ஒப்பந்தம்: குறைந்தது 3 நாள் முன்பு சொல்லணும். ஆனால் தரையிலிருந்து தரைக்குப் பாயும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும். விமானம்போல் தாழப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணை கிடையாது. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்த பிரம்மோஸ் குரூஸ் வகை. விபத்து நடந்தால் எத்தனை நிமிஷத்தில், எந்தத் தொலைபேசியில் சொல்வது என்ற பிரிவு அந்த ஒப்பந்தத்தில் இல்லை. இந்தியா வெளிப்படையாக ஒத்துக்கொண்டது மார்ச் 11. அணு ஆயுதம் வைத்திருக்கிற இரண்டு நாட்டுக்கு இடையில் இரண்டு நாள் மிக நீளம்.

#6 குளச்சல் கல்தூண்

காகிதத்தை விடக் கருவி உண்மை பேசும். ஜெர்மனியை எடுத்துக்கிடுங்க. 1898 கடற்படைச் சட்டம் 19 போர்க்கப்பல் என்றது, 1900 சட்டம் 38 என்றது. வணிகத்தைக் காக்க என்று பெர்லின் சொன்னது. தூரதேச வணிகத்தைக் காக்க நெடுந்தூரம் ஓடும் குரூசர் வேணும். அவர்கள் கட்டியவை நிலக்கரி கொஞ்சமாகக் கொள்ளும், வட கடலை விட்டு அதிகம் போகாத கனத்த போர்க்கப்பல்கள். அந்தத் தூரத்துக்குள் இருந்த ஒரே பெரிய இலக்கு பிரிட்டன். லண்டன் பேச்சைக் கேட்கவில்லை, நிலக்கரி அறையை அளந்தது.

இன்றைக்கும் அளவுகோல் அதுதான். கரைக்காவல் கப்பல், நில அளவைக் கப்பல், மருத்துவக் கப்பல் கூடினால் ஒரு அர்த்தம். தரையிறக்கும் கப்பலும் சரக்கு நிரப்பும் கப்பலும் கூடினால் வேறு அர்த்தம்.

இனி நம்ம குளச்சல். டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் தோற்கடித்த 1741 ஆகஸ்ட் 10 வெற்றியைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் ஒரு கசப்பான பாடம் இருக்கு. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வளரும் வல்லரசு திருவிதாங்கூர். மார்த்தாண்ட வர்மா வடக்கே ஒவ்வொரு சிற்றரசாகச் சேர்த்துக்கொண்டு போனார். இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் 1739இல் வந்து மிரட்டியது அதைப் பார்த்துத்தான். 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அமைதி வந்தது, யாருக்கு? டச்சுக் கம்பெனிக்கு. அவர்களை நம்பியிருந்த கொச்சிக்கு நிழல் போனது. கொச்சி பின்னால் திருவிதாங்கூரோடேயே உடன்படிக்கைக்கு வர வேண்டியதானது. ஒரு பெரியவனுக்குக் கொடுக்கிற உறுதி சின்னவனை அநாதையாக்கலாம். வாஷிங்டனும் பெய்ஜிங்கும் சமாதானமாகப் பேசும்போது தைபேயும் மணிலாவும் ஏன் பதறுது என்பதற்கும் இதே விடைதான்.

#7 கோட்டாறு

எல்லாரும் இன்றைய எண்ணத்தைப் பற்றியே பேசுறீங்க. உண்மையான சிக்கல் நாளைய எண்ணம். இன்று ஆளுகிறவர் நல்லவர் என்றே வைப்போம், அடுத்தவர்?

ஜெர்மனியின் சான்சலர் (அரசுத் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க் 1887இல் ரஷ்யாவோடு ரகசிய மறுகாப்பு ஒப்பந்தம் போட்டார். 1890இல் அவர் போனார், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, சில ஆண்டில் ரஷ்யா பிரான்சோடு கூட்டு. ஒரு மனுஷனின் கெட்டிக்காரத்தனத்தில் நின்ற உறுதி அவரோடு போச்சு. 1922 வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் ரொம்ப நுணுக்கமானது. போர்க்கப்பல் மொத்த எடை அமெரிக்கா, பிரிட்டன் தலா 5,25,000 டன், ஜப்பான் 3,15,000 டன். ஒரு கப்பல் 35,000 டன்னுக்கு மேல் கூடாது, பீரங்கி வாய் 16 அங்குலம். ஆனால் விலக முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். 1934 டிசம்பரில் ஜப்பான் கொடுத்தது, 1936 முடிவில் எல்லாம் முடிந்தது.

நாளையைக் கட்டிப்போட்ட உதாரணம் ஜெர்மனிதான், அதே ஜெர்மனி. 1950 மே 9இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான் அறிவித்த திட்டப்படி ஜெர்மனி, பிரான்சின் நிலக்கரியும் எஃகும் பொது அதிகாரத்தின் கீழ் போனது; பீரங்கிக்கு வேண்டிய மூலப்பொருளே தனிக் கையில் இல்லை. இரு ஜெர்மனியும் இணைய வழிசெய்த 1990 செப்டம்பர் 12 ஒப்பந்தத்தில் ராணுவத்துக்கு உச்சவரம்பு 3,70,000 பேர், அணு, உயிரியல், வேதி ஆயுதம் கிடையாது. எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது அரசியல் சட்டத் திருத்தம். "ஜெர்மனியின் மற்ற பகுதிகள்" சேரலாம் என்று கதவு திறந்திருந்த பழைய 23ஆம் பிரிவையே இணைந்த கையோடு நீக்கினார்கள். இனிச் சேர எதுவும் மிச்சமில்லை என்று சொந்தச் சட்டத்திலேயே எழுதியாச்சு.

அதிலும் ஒரு பிசகு நடந்தது. 1989 நவம்பரில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் கோல் வெளியிட்ட பத்து அம்சத் திட்டத்தில் போலந்து எல்லை பற்றி ஒரு வரி இல்லை. போருக்குப் பின் போலந்து வசமான கிழக்குப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர்களின் ஓட்டு அவருக்குக் கவலை. அந்த ஒரு வரி இல்லாததற்கே வார்சா மாதக்கணக்கில் கொதித்தது. 1990 நவம்பர் 14இல் ஓடர்–நைசே எல்லை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அடங்கியது. பயந்தவன் முதலில் தேடுவது அவனுக்கு வலிக்கிற அந்த ஒரு வரியைத்தான்.

#8 தேங்காப்பட்டணம் துறை

//ஓட்டு அவருக்குக் கவலை//

இதைத்தான் தொடணும் என்று இருந்தேன். பக்கத்து நாட்டுக்குக் கொடுக்கிற உறுதிக்கு உள்ளூரில் யாரோ விலை கொடுக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் கொடுத்தால் அந்த உறுதி ஒருநாளும் ஆறாது.

1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு, 285 ஏக்கர், இலங்கைப் பக்கம் போனது. 5ஆம் பிரிவில் நம்ம மீனவரும் யாத்ரிகரும் விசா இல்லாமல் முன்போல் போய்வரலாம் என்று இருந்தது. 1976 மார்ச் கடிதம் என்ன சொன்னது? இரு நாட்டு மீனவரும் அடுத்தவர் கடலில் அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது. வாட்ஜ் பேங்க் நமக்கு, குமரி மாவட்டத்துக்கு, உறுதியான அதே கடிதம்தான் ராமநாதபுரத்துக்காரனுக்குப் பாக் நீரிணையில் கதவை அடைத்தது. கையெழுத்தான நாளில் தமிழ்நாட்டில் சட்டமன்ற அரசே இல்லை. 1976 ஜனவரி 31 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி. அரசியல் சட்டத் திருத்தமும் செய்யவில்லை, அது எங்கள் நிலம் என்று முடிவாகாத இடம், விட்டுக்கொடுப்பு ஆகாது என்பது டெல்லியின் வாதம். ஐம்பது ஆண்டாக ஒவ்வொரு தேர்தலிலும் அந்தத் தீவு திரும்பி வருது. கொழும்பு அதைக் கேட்கும்போதெல்லாம் "இவர்கள் கொடுத்த உறுதி எப்போது வேண்டுமானாலும் திரும்பும்" என்றுதான் நினைக்கும். உள்ளூர்க்காரனைக் கேட்காததால் வெளியூர்க்காரனுக்கும் நிம்மதி இல்லை.

வங்கதேசத்தில் வேறு வழி போனார்கள். நில எல்லை ஒப்பந்தமும் 1974தான், ஆனால் 2015இல் நாடாளுமன்றத்தில் 100ஆவது அரசியல் சட்டத் திருத்தமாக நிறைவேற்றினார்கள். வங்கதேசத்துக்குள் சிக்கிக் கிடந்த இந்தியாவின் 111 திட்டு நிலங்கள் (17,160 ஏக்கர்) அங்கே போனது, அவர்களின் 51 (7,110 ஏக்கர்) இங்கே வந்தது. குடியிருப்பவர்களிடம் எந்த நாட்டுக் குடியுரிமை வேணும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். 41 ஆண்டு தாமதம் பெரிய தவறு. ஆனால் முடிந்தது முடிந்ததுதான், இன்று அதை யாரும் தேர்தலில் கிளறுவதில்லை.

#9 வடிவீஸ்வரம் தெரு

துறைத் தம்பி சொன்னதோடு கடலையும் சேர்க்கணும். வங்கக் கடல் எல்லை வழக்கில் 2014 ஜூலை 7 தீர்ப்பு: சர்ச்சைக்குரிய 25,602 சதுர கி.மீ.இல் 19,467 வங்கதேசத்துக்கு. தோற்றது பெரிய நாடு, மறுநாளே ஏற்றுக்கொண்டது. 2016 ஜூலை 12இல் தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸ் ஜெயித்தது, சீனா தீர்ப்பையே செல்லாது என்றது. ஒரு பெரிய நாட்டின் குணத்தை அறிய, அது தோற்ற வழக்கைப் பார்த்தால் போதும் என்பது என் அழுத்தமான கருத்து.

ஆனால் மருந்துவாழ்மலை, உங்கள் #3இல் சீனாவுக்கு முழு நியாயம் செய்யவில்லை. நில எல்லையில் அவர்கள் பெரும்பாலான அண்டை நாடுகளோடு முடித்துக்கொண்டார்கள். தஜிகிஸ்தானிடம் கோரியது சுமார் 28,000 சதுர கி.மீ., 2011இல் கைக்கு வந்தது ஆயிரம் சொச்சம். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் சுற்றியுள்ளவர்களின் நாணயம் சரிந்தபோது யுவானின் மதிப்பைக் குறைக்காமல் நின்றது, தன் ஏற்றுமதிக்கு அடி விழும் என்று தெரிந்தே. தென்கிழக்கு ஆசியா அதை நன்றியோடு பார்த்தது. செலவுள்ள உறுதி இது. பிறகு கடலில் அதை இழந்தார்கள்.

#10 மருந்துவாழ்மலை

ஏற்றுக்கொள்கிறேன் சார், யுவான் நல்ல உதாரணம். அதை விட்டது என் தவறு.

#11 தக்கலை மாணவி

கூடங்குளம் பற்றி யாராவது சொல்லுங்க. நம்ம மாவட்ட எல்லை தாண்டினால் அது. இலங்கைக்கும் பயம் இருந்ததுதானே? அப்புறம் மாலத்தீவு.

#12 மருந்துவாழ்மலை

கூடங்குளம் உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருப்பவை. அது எரிபொருள் ஆயுதத்துக்குப் போகவில்லை என்பதற்கு உறுதி. இலங்கை 2012இல் கேட்டது வேறு பயம்: விபத்து நடந்தால் கதிர்வீச்சு எங்கள் பக்கம் வருமா, எங்களுக்கு எப்போது தெரியும்? ஆயுதப் பயத்துக்கான மருந்து விபத்துப் பயத்துக்கு உதவாது. 2015 பிப்ரவரியில் இரு நாடும் போட்ட அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் பயிற்சியும் பாதுகாப்பும் சேர்ந்த பிறகுதான் பேச்சு அடங்கியது. எதிராளி எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்காமல், நமக்குக் கொடுக்க வசதியானதைக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிசகு.

2008இல் இந்தியா இதைச் சரியாகச் செய்தது. இந்தியாவுக்கு அணு வணிகத் தடையிலிருந்து விலக்கு கொடுக்க, அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவில் சில சிறு நாடுகள் கடைசி வரை தயங்கின. செப்டம்பர் 5 அன்று வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி அணுச் சோதனை நிறுத்தத்தையும் அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தாக் கொள்கையையும் எழுத்தில் உறுதி செய்தார். மறுநாள் விலக்கு கிடைத்தது. வெறும் சொல்தானே என்று கேட்கலாம். 22 உலைகளில் 14ஐக் கண்காணிப்பில் வைக்கிறோம் என்ற பிரிப்புத் திட்டம் 2006லேயே மேசையில் இருந்ததால்தான் அந்தச் சொல்லுக்கு எடை.

#13 குளச்சல் கல்தூண்

மாலத்தீவு: 1988 நவம்பர் 3, கவிழ்ப்பு முயற்சியின்போது அழைத்தார்கள், இந்தியப் படை இறங்கியது, வேலை முடிந்ததும் பெரும்பகுதி திரும்பியது. மாலேயில் அதற்கு நல்ல பெயர். அதற்கு முந்தைய ஆண்டு இலங்கைக்குப் போன அமைதிப்படை 1990 மார்ச் வரை நின்றது. யாரோடு சண்டை, எப்போது திரும்புவது, இரண்டும் போகப் போக மாறியது. ஆயிரத்துக்கு மேல் நம்ம வீரர்கள் உயிர் போனது, தமிழர், சிங்களர் இரு தரப்பின் நம்பிக்கையும் போனது. திரும்பும் தேதியை ஏறும் முன்னே எழுதணும்.

2023 நவம்பரில் இரண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானத்தை இயக்கிய இந்திய ராணுவத்தினர் வெளியேறணும் என்று மாலே கேட்டது. 2024 மே 10க்குள் திரும்ப அழைத்து, அதே இயந்திரங்களுக்கு ராணுவம் சாராத தொழில்நுட்ப ஆட்களை அனுப்பினார்கள். நோயாளியைத் தீவிலிருந்து தூக்கி வரும் வேலை நிற்கவில்லை, சீருடை மட்டும் போனது. போ என்றதும் போகிறவனைத்தான் மறுபடி வா என்று கூப்பிடுவார்கள்.

#14 கோட்டாறு

இப்போது கையில் இருக்கிற வேலை ஒன்று சொல்கிறேன். 1996 டிசம்பர் 12 இந்தியா–வங்கதேசக் கங்கை நீர் ஒப்பந்தம். 30 ஆண்டு, 2026 டிசம்பரில் முடியுது. ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாளாக மேற்கு வங்கத்தின் பராக்கா அணையில் அளப்பார்கள். நொடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழ் என்றால் பாதிப் பாதி. 70,000 முதல் 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. அதற்கு மேல் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை பத்து நாள் ஒருவருக்கு, அடுத்த பத்து நாள் மற்றவருக்கு என்று மாறி மாறி 35,000 உறுதி. இரு நாட்டுப் பொறியாளர்களும் பராக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் சேர்ந்தே அளக்கிறார்கள்.

#15 தக்கலை மாணவி

50,000க்கும் கீழே போனால் அண்ணே?

#16 கோட்டாறு

"உடனடியாகக் கலந்து பேசுவார்கள்" என்று மட்டும் இருக்கு. 1977 ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் இத்தனை பங்கு கிடைக்கும் என்ற 80 சதவீத உறுதி இருந்தது, 1996இல் அதை எடுத்துவிட்டார்கள். டாக்கா அந்த வரியைத்தான் திரும்பக் கேட்கும். வாட்ஜ் பேங்கில் மீனின் விலையை எழுதாமல் விட்ட அதே ஓட்டை இது. வறட்சி ஆண்டுக்கு ஒரு எண்ணை இப்போதே, தண்ணீர் இருக்கும்போதே, எழுதியாகணும்.